ரஹீம் பாய் எடுத்த அளவு

இல்லை, ரஹீம் பாய் அந்த அளவைத் தப்பாக எடுக்கவில்லை. நேற்று அடக்கம் முடிந்து திரும்பும்போது உங்களில் ஒருவர், "நல்ல மனுஷன்பா, டயர் விஷயத்துலதான் சறுக்கிட்டாரு" என்றார். டிரைவர் சங்கப் பலகையில் ஒட்ட அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது ஜீப்புக்கு அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் குனிந்து, "பாய் போய்ட்டாருப்பா" என்றார். காய்ச்சல் என்று தெரியும். நாலே நாளில் முடிந்துவிடும் என்று நினைக்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆம்பூரில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் ஜீப்பை வருடக்கணக்காக ஓட்டியவர். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டி அது. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். அதை வாங்க முதலாளி மலையடிவாரமெல்லாம் சுற்றுவார். காலேஜை விட்டு ஓடிவந்த என்னை மாற்று டிரைவராகப் போட்ட அன்று பாய் கேட்டது ஒன்றுதான்: "படிப்புதான் புடிக்கல. வண்டியாவது புடிக்குமா?"

பழைய டயர்கள் ஒல்லி. பாலாற்று மணலில் இறங்கினால் புதைந்துவிடும். அகல டயர் போடலாம் என்று முதலாளியை நச்சரித்தவன் நான். பாய் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று படுத்துக்கொண்டு பார்த்தார். எந்த அகலம்வரை தாங்கும் என்று முடிவு செய்து, எங்கள் ஷாப்புகளில் எல்லாரும் செய்வதுபோல் ஒரு தோல் வாரை அந்த நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தார். "இதுக்கு மேல ஒரு நூல்கூட ஜாஸ்தி வேணாம்."

வேலூர்ப் பழைய சாமான் கடைக்கு நான் தனியாகப் போனேன். வார் அளவுக்கு டயர்கள் இருந்தன. பக்கத்திலேயே அவற்றைவிட அகலமாக, பட்டாளத்து டயர்கள் நாலு, தேயாமல் கிடந்தன. என் கண் அவற்றின்மேல் விழுந்துவிட்டது. வாரை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் குறைந்தது. கடைத் தொட்டியில் வாரை ஊறவைத்து, ஆணியில் மாட்டி இழுத்தேன். ஈரத்தோல் நீளும் என்பது ஆம்பூரில் யாருக்குத்தான் தெரியாது? வார் அந்த டயருக்குச் சரியாகப் பொருந்தியது. நாலையும் வாங்கிவிட்டேன்.

திரும்பி வந்ததும் பாய் வாரை டயரின்மேல் வைத்துப் பார்த்தார். எடுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "நான்தான் கம்மியா நெனச்சிட்டேன் போல" என்றார்.

அமிர்தி போகும் காட்டு வழியில், ஒரு வளைவில், முன்சக்கரம் ஸ்பிரிங்கில் உரசி நின்றது. ஸ்டியரிங் அதற்குமேல் திரும்பவில்லை. பாய் பிரேக்கை அழுத்தி மிதித்து நிறுத்தினார். பள்ளத்தின் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. முதலாளி இறங்கி, வெளுத்த முகத்தோடு, யார் அளந்தது என்று கேட்டார்.

"நான்தான் மொதலாளி" என்றார் பாய்.

பின் சீட்டில் இருந்த நான் பேசவில்லை. மறுநாள் பாயை ஸ்டேஷனுக்குத் தோல் கொண்டுபோகும் லாரிக்கு மாற்றினார்கள். ஜீப் சாவி என் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாய் வேலூருக்குப் பஸ் ஏறுவார். எத்தனையோ வாரம் தேடி, டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரத்தில் குழிவு கம்மியானதாக நாலு கொண்டுவந்தார். ஐந்து போல்ட்டும் பொருந்தின. கழற்றி வைத்திருந்த அதே அகல டயர்கள் இப்போது கொஞ்சம் வெளியே தள்ளி நின்றன, உரசல் போயிற்று. இப்படித் தள்ளி நின்றால் பேரிங் சீக்கிரம் தேயுமே என்றேன்.

"தேஞ்சா மாத்திக்கலாம்டா. வளைவுல திரும்பாம நின்னா இன்னாத்த மாத்துவே?"

ஜீப்பை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைவிட மோசம் வேறொன்று. ஒரு பார்வையில் அளவு சொல்லும் மனிதர், அன்றிலிருந்து லாரியில் கயிறு கட்டினால்கூட, "சரியா இருக்கா, கொஞ்சம் பாருப்பா" என்று கிளீனரைக் கூப்பிட ஆரம்பித்தார். அதைத் தினமும் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை.

பாய், உங்கள் கண் ஒரு நாளும் பிசகவில்லை. பிசகியவன் நான். போய் வாருங்கள்.

இதைப் பலகையில் ஒட்டுவதற்கு முன் முதலாளி என் வாயால் கேட்க வேண்டும். வாசலில் அவர் கார் வந்து நிற்கிறது. ஜீப் சாவி கையில் இருக்கிறது. நான் போக வேண்டும்.