கிடத்த ஓர் இடம்

மக்கள் நீதிமன்றம் நடந்த அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது டீதான். செங்கல்பட்டு கோர்ட் வளாகத்தில் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக டீ கொடுத்தார்கள். கோர்ட்டில் கல்யாண வீட்டு உபசாரம் நடப்பதை அன்றுதான் பார்த்தேன். அத்தை அதைத் தொடவில்லை. "கடங்காரிக்கு இன்னாடா டீ" என்று டம்ளரை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். பிள்ளைகள் இல்லை. நான் அப்போதுதான் கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவளுக்கு வெளி வேலை எதுவென்றாலும் என் வண்டிதான். கோர்ட் வரைக்கும் வந்த அந்தக் கடன் அவள் வாங்கியதல்ல. மாமா மகாபலிபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டியவர். குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களை நம்பி, இரண்டாவதாக ஒரு வேன் வாங்க பேங்கில் கடன் எடுத்தார். ஜாமீன் கையெழுத்து அத்தை போட்டாள். அந்த வருடம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் தண்ணீர் இல்லை, பறவைகளும் வரவில்லை. பறவை வராததால் ஒரு குடும்பம் கடனில் விழுந்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வேனை பேங்க் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வருடம் மாமாவை நெஞ்சுவலி கொண்டுபோனது. கடன் மட்டும் அத்தையோடு நின்றது.

அன்றைக்கு ஜட்ஜ் மிகவும் தன்மையாகப் பேசினார். வட்டியில் பாதியைத் தள்ளிவிட பேங்க் சம்மதிக்கிறது, மீதியைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிவிடுகிறீர்களா அம்மா என்று கேட்டார். அத்தை தலையாட்டினாள். பேங்க் அதிகாரி எழுந்து கும்பிட்டார். அதன் பிறகு வந்த வருடங்களில் அத்தை ஒரு தவணையும் தவறவில்லை. பள்ளி விட்டு வந்து ஊராருக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். தீபாவளிக்குத் தனக்கு மட்டும் புதுப்புடவை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து, பாக்கி இல்லை என்று பேங்க் கொடுத்த சான்றிதழைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அவ்வளவு பெருமை.

உடனே வீடு கட்ட வேண்டும் என்றாள். ரிட்டயர் ஆகச் சில வருடங்களே இருக்கையில், ஒற்றைப் பெண்பிள்ளைக்கு இது என்ன ஆசை என்று என் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். மாமா இறந்த அன்று நான் கூட இருந்தேன்.

ஐப்பசி மழை. ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவின் உடலைக் கொண்டுவந்து இறக்கப் போனபோது, வீட்டு ஓனர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வாடகை தாமதமான மாதங்களில்கூட வாய் திறந்து கேட்காதவர். "தப்பா எட்துக்காத டீச்சரம்மா. தையில பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சிகினு கீறேன். பொணத்த உள்ள வெச்சா சம்பந்தி வூட்ல இன்னா சொல்வாங்க?" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். ஆனால் கேட்டை விடவில்லை. தெருவில் பந்தல் போட்டோம்; மழைக் காற்று அதைப் பிய்த்து எறிந்தது. எதிரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் பழைய டயர்களை ஓரம் தள்ளிவிட்டு, "இங்க தூக்கினு வா அண்ணாத்த, நனையுது பாரு" என்று கூப்பிட்டார். மாமா அந்தக் கொட்டகையில்தான் கிடந்தார். கிரீஸ் வாடை. துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே இடமில்லாமல் ரோட்டில் குடை பிடித்து நின்றார்கள். அத்தை ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளி வைத்துக்கொண்டும், மாமா முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். என்ன திடமான மனசு என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஜி.எஸ்.டி. ரோடு நெடுக வீட்டுக் கடன் பேனர்தான். வீட்டுக்கு வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அத்தை இருந்த நகைகளை விற்று ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு சின்ன மனை வாங்கினாள். கடனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஏஜென்ட் பையன், பழைய கதையை அவர்களாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "திருடிட்டா வந்தேன்? கட்டி முடிச்சிருக்கேன். அத்த ஏன் மறைக்கணும்?" என்று சொல்லி, கற்பூரம் காட்டிய அந்தச் சான்றிதழின் நகலை விண்ணப்பத்தின் முதல் தாளாக வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது நற்சான்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் போன பேங்கின் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "சலுகை அடிப்படையில் முடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கே மேடம். அப்படின்னா முழுசா கட்டலைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

"ஜட்ஜ் ஐயா இன்னா சொன்னாரோ அத்தத்தான் சார் கட்டுனேன்."

"நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்க ரூல்ல இது வராது."

அடுத்த பேங்கிலும் இதே பேச்சு, அதற்கடுத்த இடத்திலும் இதே பேச்சு. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் நான் கத்தினேன். கடனே வாங்கிப் பழகாதவனுக்குச் சிவப்புக் கம்பளம், விழுந்து எழுந்து கட்டியவளுக்கு வாசலோடு சரி. அத்தை என்னைப் போலக் கத்தவில்லை. அவள் வேறொன்று யோசித்தாள். சேமநிதியில் பணம் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பழைய பேங்குக்கே போனாள். தள்ளுபடி செய்த வட்டியை இப்போது கட்டிவிடுகிறேன், அந்தச் 'சலுகை' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு வேறு சான்றிதழ் கொடுங்கள் என்றாள்.

கவுண்டரில் இருந்த பையன் சின்ன வயது. முழித்தான். "அந்தக் கணக்கே இப்ப இல்லைம்மா. எதுல வரவு வைக்கிறது?"

"எதுலயாவது வெச்சுக்கோ நைனா. எனுக்கு அந்த வார்த்த போனாப் போதும்."

அவன் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தான். முடிந்த கணக்கில் பணம் வாங்க வழியில்லையாம். பையன் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னான். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, "குடுன்னாலும் இல்லன்றான், இந்தான்னாலும் வேணான்றான். இவனுங்களோட பேஜாருடா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த சின்ன வீட்டுக்கடன் கம்பெனியில் கதவு திறந்தது. அங்கிருந்த மேனேஜர் வயதானவர். சான்றிதழைப் பார்த்தார், அத்தையின் வயதைப் பார்த்தார். "குழந்தைகளும் இல்லைங்கிறீங்க. இப்போ எதுக்கும்மா வீடு?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அத்தை என்னைக் காட்டினாள். "செத்தா கொள்ளி வெக்க இவன் கீறான் சார். கெடத்தத்தான் எடம் இல்ல" என்றாள். பிறகு சைக்கிள் கடையைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னாள். மேனேஜர் சான்றிதழை ஓரமாக வைத்தார். தானும் வாடகை வீட்டில்தான் இருப்பதாகவும், வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா இருப்பதாகவும் சொன்னார். ஒரு ஜாமீன் இருந்தால் கேட்ட தொகை முழுவதும் கிடைக்கும் என்றார். நான் பேனாவை எடுத்தேன். அத்தை பிடுங்கி வைத்துவிட்டாள். "கையெழுத்து போட்டு நான் பட்டது போதும். குடுக்கறதக் குடுங்க சார்" என்றாள். அப்படித்தான் மனைப் பத்திரத்தை அடமானமாக வைத்துக்கொண்டு, கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தார்கள்.

அந்தப் பணத்துக்கு ஒரு கூடமும் சமையலறையும்தான் எழும்பின. படுக்கையறையே வேண்டாம், கூடத்தைப் பெரிதாக்கு என்றாள். வாசக்கால் அகலமாக, இரட்டைக் கதவாக வேண்டும் என்றாள். மேஸ்திரி, "இன்னாம்மா, பீரோ பெருசா?" என்று கேட்டார். "ஆமா, பெருசுதான்" என்றாள் அத்தை. மேஸ்திரிக்கு அது போதுமானதாக இருந்தது.

கடன் அவளுடைய ரிட்டயர்மென்ட் பணத்தில் தீர்ந்தது. பத்திரம் கைக்கு வந்தது. பிறகு அத்தையும் போய்விட்டாள், அவள் நினைத்தபடி அந்தக் கூடத்திலிருந்தே. இன்று அந்தத் தெரு முழுக்க அடுக்கு வீடுகள். வீடு என் பேரில் இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன மாதம் ஆள் கொண்டுவந்த புரோக்கர், "கறி மீன் சமைக்கக் கூடாது, அப்படி இப்படின்னு கண்டிஷன் ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் போன பிறகு எனக்கு அத்தையின் சாவு ஞாபகத்துக்கு வரவில்லை. வேறொரு சாவுதான் வந்தது.

அத்தை அந்த வீட்டில் பால் காய்ச்சிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள், தெற்கத்திப் பக்கத்து ஆட்கள். பையனைப் பார்க்க வந்திருந்த அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறவரைக்கும் வைத்திருக்க வேண்டும். அவர்களுடைய ஓனர் மாடியேற்றக் கூடாது என்றுவிட்டார். ஆம்புலன்ஸ் தெருவில் நின்றது. அந்தப் பையன் யாருக்கோ போன் செய்துகொண்டு, கிரில் கேட்டுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டிருந்தான். விருந்துக்கு வந்திருந்த என் அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாண்டி. புது வூடு. முதமுத யாரோ எவரோ..." என்று கையைப் பிடித்தாள். அத்தை கையை விடுவித்துக்கொண்டு இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தாள். "உள்ள கொண்டா கண்ணு. எத்தினி நேரம் வண்டிய நிறுத்தி வெப்ப?" என்றாள்.

கூடத்தின் நடுவில் அந்த அம்மாளைக் கிடத்தினார்கள். அத்தை விளக்கேற்றித் தலைமாட்டில் வைத்தாள். வருகிறவர்கள் உட்காரப் பாய் விரித்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டு, முன்பின் பார்த்திராத அந்தக் கிழவியின் காலடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மார்பில் அறைந்துகொண்டு ஓங்கி அழ ஆரம்பித்தாள். "தெருவுல போட்டேனே என் ராசா, மழையில போட்டேனே, ஒரு கூடம் இல்லாம டயரு நாத்தத்துல கெடத்திட்டேனே..." மாமா போய் வருடக்கணக்காகிவிட்டது. அவருக்காக அத்தை அழுது நான் கேட்டது அன்றுதான். சுற்றி இருந்த பெண்கள், செத்தது பெண்பிள்ளையாயிற்றே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவளின் மருமகள் மட்டும் நகர்ந்து வந்து, அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள்.