முகம் சிவக்கும் என்று யாரும் சொல்லவில்லை

கட்டைப் பிரிப்பதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. ஏகாம்பரத்தின் பெருவிரல் கறுத்து, கறுப்பு பாதத்துக்கும் ஏறியிருந்தது. எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸிங் ரூமில் நான் ஸ்டாஃப் நர்ஸ்.

அவர் பட்டுத் தறிக்காரர். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருந்தது. தறி மிதிக்கும்போதே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். விரலில் ஒரு புண், ஆறவில்லை. ஆனால் தினமும் வந்து கட்டு மாற்றிக்கொண்டதால் பெரிதாகாமல் இருந்தது. கொழுப்பைக் குறைக்க டாக்டர் நிகோடினிக் ஆசிட் மாத்திரை எழுதினார். சீட்டைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன் பிறகு ஏகாம்பரம் வரவே இல்லை. வந்தது இந்தக் காலோடுதான்.

தாங்கிப் பிடித்து அழைத்து வந்த மனைவி அமிர்தத்திடம், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கத்தினேன்.

“அம்மா வந்துட்டா சிஸ்டர். மாத்திர போட்ட அன்னிக்கே மூஞ்சி, மாரெல்லாம் செவந்து நெருப்பா கொதிக்குது. மறுநாளும் அப்படியே. வேப்பல கட்டிட்டோம். அம்மா இருக்கிற வூட்ல மருந்து தொடலாமா?”

முத்து போட்டதா என்று கேட்டேன். போடவில்லையாம். மாத்திரையை நிறுத்தியதும் சிவப்பு அடங்கியது. அம்மன் மனமிறங்கிவிட்டாள் என்று நினைத்தார்களாம். ஆனாலும் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை அவர் வாசல் தாண்டவில்லை. அம்மை கண்ட வீட்டில் இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் செவக்கும், எரியும்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா சார்?”

“சொன்னா பயந்துடுவான். சாப்பிட மாட்டான்.”

“இப்ப சாப்பிட்டாரா?”

எனக்கு வாய் நீளம் என்று மேட்ரனிடம் புகார் போனது. போகட்டும்.

மெட்ராஸுக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த மாத்திரை காலைக் காப்பாற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. தினமும் கட்டு மாற்ற வந்திருந்தால் இந்த அளவுக்கு அழுக விட்டிருக்க மாட்டோம். அது தெரியும். ஒற்றைக் காலால் தறி மிதிக்க முடியாது. மனைவியோடு உட்கார்ந்து நூல் சுற்றினார்.

சில மாதம் கழித்துக் கக்கத்தில் கட்டை ஊன்றி வந்தார். டாக்டர் பழையபடி பேனாவை எடுத்தார். ஏகாம்பரம் சீட்டின்மேல் கையை வைத்தார்.

“இன்னா மாத்திர, இன்னா பண்ணும், சொல்லிட்டு எழுது சார். ஒரு காலுதான் பாக்கி கீது.”

டாக்டருக்கு முகம் சுண்டியது. ஆனாலும் சொன்னார். சிவக்கும், எரியும், அடங்கிவிடும். அடைப்பு மேலும் கூடாமல் இருக்கலாம், உறுதி கிடையாது. ஏகாம்பரம் சீட்டிலிருந்து கையை எடுத்தார். போட்டுப் பார்ப்பதாகவும், தாங்கவில்லை என்றால் தானாக நிறுத்தாமல் வந்து சொல்வதாகவும் சொன்னார்.

மேஜைமேல் இருந்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மாத்திரை யார் உடம்புக்குள் போகிறதோ அவரிடம் சொல்லுங்கள், அவரைக் கேளுங்கள். சொன்னால் புரியாது என்கிற டாக்டரை நம்பாதீர்கள். ஏகாம்பரத்துக்கு நன்றாகவே புரிந்தது. கால்தான் இல்லை.