நட்சத்திரம் கட்டாத வீடு

ஞானதாஸ் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, ஹார்ட் அட்டாக். இன்று மதியம் அடக்கம்... என் நகத்தில் இன்னும் அந்த மண் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலூரில் லேத் ஆபரேட்டர். டிசம்பரில் மட்டும் வில்லாபுரத்துக்கு, ஏன், இந்தப் பூமண்டலத்துக்கே ஒரே கிறிஸ்துமஸ் தாத்தா.

வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் எங்கள் சபை கேரல் ரவுண்ட்ஸில் இருபது வருடமாக அவர் தாத்தா, நான் டிரம். அவர் ஒரு ஆட்டம் போட்டால் திருப்பரங்குன்றம் மலை நாலடி நகர்ந்து உட்காரும். வைகையில் வராத தண்ணீர் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் தாத்தா முகமூடிக்குள் வியர்வையாக ஓடும்.

ஒரு வருடம்... பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில் மகன் பைக் விபத்தில் இறந்திருந்தான். துக்க வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். கேரலும் சத்தம் காட்டாமல் கடந்துபோகும். அதுதான் எங்கள் வழக்கம்.

நானும் டிரம்மை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பூனைநடை நடந்தேன். திரும்பிப் பார்த்தால் தாத்தாவைக் காணோம். விளக்கில்லாத அந்த கேட் முன்னால் முகமூடியைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். கப்பலூரில் இருக்கிற கிரேன் எல்லாம் சேர்ந்து வந்திருந்தாலும் அசைந்திருக்க மாட்டார்.

"மாப்ள, நட்சத்திரம் கட்டுன வீட்டுக்கெல்லாம் சேதி வந்துருச்சு. இந்த வீட்டுக்குத்தான் இன்னும் வரல."

டிரம் இல்லாமல், தணிந்த குரலில் பாட ஆரம்பித்தார். டீச்சர் வெளியே வந்தார். அடி விழப்போகிறது என்று நான் ஓடுவதற்குத் தோதாக நின்றுகொண்டேன். அவரோ கேட்டைத் திறந்து உள்ளே வந்து பாடச் சொன்னார்.

மகன் போட்டோவுக்கு முன்னால் நின்று பாடினோம். அண்ணன் செய்த ஜெபம் ஒரே வரிதான்.

"ஆண்டவரே, இந்த வீட்டுலயும் பொறங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் எங்கள் முதல் வீடு துக்க வீடுதான்.

இந்த வருடம்? நாளை கேரல். அடக்கம் முடிந்து சபை வாசலில் நின்று பேசினோம். அண்ணன் வீட்டுப் பக்கம் போக வேண்டாம், அக்கா தாங்க மாட்டார் என்று முடிவானது. முதலில் கையைத் தூக்கிய மகாவீரன் அடியேன்தான்.

அரை மணி நேரம் முன்னால் போன். அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்கா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"தம்பி, எங்க வீட்டுல நட்சத்திரம் கட்டல. வருவீங்கள்ல?"

வாரோம்க்கா என்றேன். முதலில் தூக்கிய அதே கையால் சபையில் எல்லோருக்கும் போன் போட்டேன்.

அண்ணனின் தாத்தா டிரஸ்ஸையும் அக்கா கொடுத்தனுப்பிவிட்டார். போட்டுப் பார்த்துவிட்டேன். பேன்ட் முழங்காலோடு நின்றுவிட்டது. வயிற்றுக்குத் தலையணையே தேவையில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், மறுபடி சிரிக்கிறார்கள். எனக்கு நாளை சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை.

போய்ட்டு வாங்கண்ணே. நாளைக்கு ஆறு மணி, முதல் வீடு உங்க வீடு.

கேட் முன்னாலயே முகமூடியைக் கழட்டிடுறேன்.