அத்தை தொடாத முட்டைகள்

ஒரு கோழியின் இறகைப் பிடுங்கி அதன் மூக்கிலேயே செருகுவது என்ன நியாயம் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அடை தெளிவிக்கிறார்களாம். இட்ட முட்டையின் மேல் குஞ்சு பொரிக்க ஆசையாக உட்கார்ந்திருக்கும் கோழியைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் முக்கி, மூக்கில் இறகைக் குத்தி விடுவார்கள். இரண்டு நாளில் ஆசை போய்விடும். மறுபடி முட்டை இட ஆரம்பித்துவிடும்.

அதுவும் யார் கோழி? என் கோழி. அதன் தாயைக் கீரி கடித்துப் போட்ட அன்றிலிருந்து ஷூ பெட்டியில் வைத்து, உள்ளங்கையில் குருணை ஊட்டி வளர்த்தவள் நான். ஸ்கூல் விட்டு வந்து உட்கார்ந்தால் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். அதைத் தண்ணீரில் முக்கியது என் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, பாலக்கரையில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டவர். பிள்ளை இல்லை. கோழிகளும் அடுப்பும் அவர் ராஜ்ஜியம்.

"சேவல் இல்லாத வீட்ல இது எதுக்குடி அடைக்கு உக்காருது? அத்தனையும் கூமுட்டையாத்தான் போகும்" என்றார். எங்கள் சேவல் ஈஸ்டருக்குக் குழம்பாகியிருந்தது. சேவல் இருப்பது கூவுவதற்கு என்று நம்பிய வயது எனக்கு. கூவாவிட்டால் குஞ்சு பொரிக்காதா? இப்படி ஓர் அநியாயப் பேச்சு உண்டா?

இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "விட்டுடுக்கா, புள்ள ஆசைப்படுது" என்றார். அத்தை பெருமூச்சு விட்டு, கூடையில் மணல் பரப்பி, ஓரத்தில் கரித்துண்டு போட்டு, ஏழு முட்டைகளைத் தன் கையாலேயே அடுக்கினார். நான் கோழியைத் தூக்கி மேலே வைத்தேன்.

இருபத்தொரு நாள் ஆயிற்று. அதற்கு மேலும் ஒரு வாரம் ஆயிற்று. கோழி இளைத்துப் பாதியானது. ஒரு முட்டை வெடித்து வீடே நாறியது.

தெருக்குழாயில் பெண்கள் பேசுவதைக் குடத்தோடு நின்று கேட்டவள் நான். எந்த வீட்டு வளைகாப்புக்கும் அத்தையைக் கூப்பிடமாட்டார்கள். அந்தக் கை பட்டால் விளங்காது என்பார்கள். வாய்ப்பாட்டைப் போல அதுவும் என் மனசில் பதிந்து கிடந்தது. அன்றைக்குக் கத்தினேன்.

"உங்க கை பட்டுச்சுல்ல, அதான் பொரிக்கல! உங்க கை விளங்காத கை!"

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். பொய் சொன்னதற்கு அடி வாங்கியிருக்கிறேன். ஊரே சொல்லும் உண்மையைச் சொன்னதற்கு அடியா? கன்னத்தைவிட மனசுதான் கொதித்தது. அத்தை நாறிய முட்டைகளை அள்ளிப் போய்க் குழியில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நாற்றம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் திருவெள்ளறைக்கு பஸ் ஏறினார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சேவலும் கோழியுமாக நிறைய உண்டு. மத்தியானம் திரும்பியபோது கையில் தவிடு நிரப்பிய ஓலைக்கொட்டான். தவிட்டுக்குள் பதினொரு முட்டைகள்.

"நீயே எடுத்து வைடி. நான் தொடலை."

இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கோழிக்கு அடியில் வைத்தேன். அந்த இருபத்தொரு நாளும் அவர் கூடைப் பக்கமே வரவில்லை. தண்ணீர் வைக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டார்.

பதினொன்றும் பொரித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகக் குழாயடிக்கு ஓடினேன். "அத்தை தொடவே இல்ல, அத்தனையும் பொரிச்சிருச்சு!" என்றேன். "நாங்க சொல்லல?" என்று ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். என் பின்னாலேயே குடத்தோடு வந்த அத்தை அதைக் கேட்டுக்கொண்டே வரிசையில் நின்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அடைக்கு வைக்கும் முட்டையை யாரும் எண்ணிப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கரு ஓடுகிறதா என்று பார்த்துத்தான் பொறுக்குவார்கள். பிறகு பஸ் குலுக்கலில் உடையாமல் தவிட்டில் ஒவ்வொன்றாகப் புதைப்பார்கள். அன்றைக்குத் திருவெள்ளறையில் அதையெல்லாம் செய்தது யார் கை என்று அப்போது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அத்தையும் சொல்லவில்லை.