பதினெட்டு மருந்துக் கீரையும் ஒரு மாத்திரையும்

கீரைப் பாயசம் குடித்த சற்று நேரத்தில் தேச்சம்மாவின் கழுத்து சிவந்ததைப் பார்த்து மாமியார் பொள்ளம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, கீரை வேலையக் காட்டுது!"

கக்கட மாதம், அதாவது ஆடி, பதினெட்டாம் நாள் காட்டில் முளைக்கும் அந்த மருந்துக் கீரையில் பதினெட்டு மருந்து இறங்குகிறது என்பது குடகில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதன் கருநீலச் சாற்றில் பாயசம் காய்ச்சிக் குடித்தால் மறுநாள் சிறுநீர் சிவந்து போகும். சிவந்தால்தான் மருந்து ஏறியதாக அர்த்தம். அந்தச் சமயத்தில் சிவப்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

தேச்சம்மா பயந்தாள். ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் அவள் உடம்பில் அளவுக்கு மேல் பெருகியிருந்தன. வெந்நீர் பட்டாலும் கோபம் வந்தாலும் தோல் தடிக்கும், வயிற்றைப் பிசையும், கண் இருட்டும். அலர்ஜி மாத்திரை மட்டும் போதாமல் மைசூர் டாக்டர் கொஞ்சமாக ஸ்டீராய்டும் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் பன்றிக் கொட்டிலைத் தானே கழுவினாள், கல்யாண வீடுகளில் ஆடினாள்.

கூடவே முகமும் உப்பியது. "அண்ணி, அரிசிக் கடம்புட்டு உருண்டையாட்டம் ஆயிட்டீங்களே!" என்றாள் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். தேச்சம்மாவும் சிரித்தாள். போன வாரம் யாரிடமும் சொல்லாமல் ஸ்டீராய்டை நிறுத்தினாள். கீரை பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

இப்போது வயிறு முறுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க... அந்த மாத்திரைய நான் போடல."

கணவன் பூவையா கையிலிருந்த கிண்ணத்தை வைத்தான். "இன்னிக்கா?"

"போன வாரத்துலேர்ந்து."

"அடிப்பாவி! நீயா நிறுத்தக் கூடாது, நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

அவசரத்துக்கென்று கொடுத்திருந்த ஊசியைத் தொடையில் குத்திவிட்டு ஜீப்பைக் கிளப்பினான். மழையில் பாதை தெரியவில்லை. தொண்டை அடைப்பது நோயாலா, பயத்தாலா என்று தேச்சம்மாவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு மூச்சையும் உள்ளே போகிறதா என்று கவனித்தபடியே விராஜ்பேட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, அரிசி ரொட்டித் தட்டின் ஓரத்தில் மாத்திரை இருந்தது.

"முதல்ல ரொட்டியத் தின்னு, அப்புறம் இத முழுங்கு" என்றாள் பொள்ளம்மா. "இந்த வீட்டுக்கு இனி மருந்து பத்தொன்பது."

தேச்சம்மா விழுங்கினாள். பொள்ளம்மா நகரவில்லை; மருமகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.