ஹாபி என்னவென்று கேட்டார்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் கோயமுத்தூர்க்காரி, வாய்க்குப் பஞ்சமே இல்லை. புனேவுக்கு வந்த இந்த ஒன்பது வருஷத்தில் ஆட்டோக்காரரிடம் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டேன், காய்கறிக்காரம்மாவிடம் மராத்தியில் பேரம் பேசக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் என்று வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பேன். படித்தது தமிழ் மீடியம். கேட்டால் புரியும், பேச வராது.

அதனால் குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை, போன வருஷம் வரைக்கும். ஏழாவது படிக்கும் என் மகள், பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்த நாளன்று, ஷூ மாட்டிக்கொண்டே, "நீ வராதேம்மா, அப்பாவை அனுப்பு" என்றாள். அவ்வளவுதான். என் இங்கிலீஷை நினைத்து வெட்கப்படுகிறாள், வேறென்ன? அன்றைக்கு வெங்காயம் நறுக்கும்போது நன்றாக அழுதேன். யாராவது கேட்டால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம் பாருங்கள். வீட்டுக்காரர் போனார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார், அப்படியே ஆபீஸுக்குப் போய்விட்டார். அடுத்த தடவை நான்தான் போவேன், போய் அந்த டீச்சரிடம் இங்கிலீஷிலேயே பேசிவிட்டு வருவேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

இங்கே ஔந்த் பகுதியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவள் என்னைவிடப் பத்து வயசு சின்னவள், மராத்திப் பெண். படிக்க வந்த நாங்கள் எட்டுப் பேர், எல்லாருக்கும் கழுதை வயசு. முதல் நாள் ஹாபி என்னவென்று கேட்டாள். போசரியில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர் எழுந்து, "மை ஹாபி ஈஸ் ரீடிங் புக்ஸ் அண்ட் லிசனிங் டு மியூசிக்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். எந்த கைடில் நெட்டுருப் போட்டோமோ, எட்டுப் பேருக்கும் ஒரே ஹாபி. "கடைசியாக என்ன புத்தகம் படித்தீர்கள்?" என்று அவள் கேட்டதும் எட்டுப் பேரும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தோம்.

அவள் கோபப்படவில்லை. "இல்லாத ஹாபியைப் பற்றி மூன்று வாக்கியத்துக்கு மேல் யாராலும் பேச முடியாது. அடுத்த வாரம் நிஜமாகவே பிடித்ததைச் சொல்லுங்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை" என்றாள்.

எனக்கு அப்படி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் வாக்கட் பக்கமோ ராவேத் பக்கமோ புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளில் சாம்பிள் ஃபிளாட் பார்க்கப் போய்விடுவோம். வாங்குவதற்கில்லை, சும்மா. வீட்டுக்காரர் அங்கே தரும் காபிக்காக வருவார். மகள் ஃபோனோடு சோபாவில் உட்கார்ந்துவிடுவாள். நான்தான் அறை அறையாகப் போய், அலமாரியைத் திறந்து, குழாயைத் திருகிப் பார்ப்பேன். மணிக்கணக்கில் அலுக்காது. இதைப் போய் எப்படி நாலு பேர் முன்னால் சொல்வது என்று ஒரு வாரம் முழுக்க மருகினேன்.

சொல்லிவிட்டேன். "எவ்ரி சண்டே வீ கோ டு சீ ஃபிளாட். நாட் டு பை" என்று ஆரம்பித்ததும் லேத்காரர் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷம் வந்தபிறகு இலக்கணமா பார்ப்பேன்? சாம்பிள் ஃபிளாட்டில் உள்கதவே வைக்கமாட்டார்கள், அப்போதுதான் அறை பெரிதாகத் தெரியும் என்றேன். அங்கே போட்டிருக்கும் கட்டில் நம் வீட்டுக் கட்டிலைவிட ஒரு சாண் குட்டை, நானே அளந்திருக்கிறேன் என்றேன். சந்தேகம் தீராமல் ஒரு தடவை படுத்தே பார்த்ததையும், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும், விற்கிற பெண் பதறிப்போய் ஓடி வந்ததையும் சொன்னேன். வாக்கியங்கள் எல்லாம் கோணல்மாணல். யாரும் அதைக் கவனிக்கவில்லை. சிரித்த லேத்காரரே ஆகுர்டியில் வீடு தேடிக்கொண்டிருக்கிறாராம். பாத்ரூமில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார். இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். பதினோரு நிமிஷம் பேசியிருக்கிறேன் என்று டீச்சர் ஃபோனைக் காட்டினாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பள்ளிக்கூடத்தில் அடுத்த கூட்டம் வந்தது. "அப்பா வரலியா?" என்றாள் மகள். "நான்தான் வர்றேன் கண்ணு" என்றேன். ஸ்கூட்டரில் வழி நெடுக, இரு, உன் அம்மா யாரென்று இன்றைக்குப் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"குட் மார்னிங் மேம். ஹவ் ஈஸ் ஷீ இன் தி கிளாஸ்?" என்று நானே ஆரம்பித்தேன். மார்க்கெல்லாம் நல்ல மார்க், ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார் மகளின் வகுப்பு டீச்சர். பிடித்த விஷயம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசச் சொன்னால் ஒரு வார்த்தை வராமல் நின்றாளாம். போன தடவை அப்பாவிடமும் சொன்னாராம். அந்த மனுஷன் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் மகளைப் பார்த்தேன், அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பயந்தது என் இங்கிலீஷுக்கு இல்லை, இந்த விஷயம் என் காதுக்கு வந்துவிடுமே என்றுதான் பயந்திருக்கிறாள். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"வீட்டில் அவளுக்கு என்ன பிடிக்கும்? சொல்லுங்கள், அதைப் பற்றியே பேச வைக்கிறேன்" என்றார் டீச்சர்.

கேள்வி நன்றாகப் புரிந்தது. பேச வார்த்தையும் இருந்தது. சொல்வதற்குத்தான் எதுவும் இல்லை. ஃபோன் பார்ப்பாள், தோசை முறுகலாகக் கேட்பாள், வேறு? பன்னிரண்டு வருஷம் வளர்த்திருக்கிறேன், ஒன்றுமே தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "ஐ டோன்ட் நோ மேம். ஐ வில் ஆஸ்க் ஹர்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஸ்கூட்டர் நிறுத்திய இடத்திலேயே கேட்டுவிட்டேன். "உனக்கு என்னதான் கண்ணு பிடிக்கும்?"

ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். அப்புறம், "சிலந்தி" என்றாள்.

பின்பக்க பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறதாம். மூன்று மாசமாகப் பார்க்கிறாளாம். பழைய வலையைத் தானே தின்றுவிட்டு மறுபடி புதிதாகக் கட்டுமாம். ஃபோனில் இருந்ததெல்லாம் அதன் படம்தான். நான் பெருக்க வரும்போது பக்கெட்டை முன்னால் நகர்த்தி மறைத்துவிடுவாளாம். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் கலந்து, மூச்சு வாங்க, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இந்தக் குழந்தையா வாய் திறக்காது?

"இத்தனை நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ விளக்குமாத்தை எடுத்துட்டு வந்துடுவே" என்றாள்.

வந்திருப்பேன்தான்.