கிளாத்தியின் முள்

மூன்று வருடங்களுக்கு முன், கரம்பொன்னில் எங்கள் வீட்டு முன் அறையில், ஒரு மத்தியான வேளை நடந்தது இது.

நான் கடற்தொழில் செய்பவன். ஒருநாள் கடலில் வைத்த மீன்கூட்டில் ஒரு கிளாத்தி மீன் உயிரோடு பட்டது. பச்சை உடம்பு, செம்மஞ்சள் கோடுகள். விற்க மனம் வரவில்லை. கண்ணாடித் தொட்டி வாங்கி, தண்ணீர் சுற்ற ஒரு சின்னக் கரண்ட் மோட்டரும் உள்ளே வைத்து, கேனில் கடல்தண்ணீர் அள்ளி வந்து ஊற்றி வளர்த்தேன். அழகுதான், ஆனால் பொல்லாதது. கல்லை வாயால் தூக்கிக் கண்ணாடியில் போடும். ஆளில்லாத அறையில் யாரோ தட்டுவது போலக் கேட்கும். கண்கள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும்; ஒன்று எப்போதும் என்னைத்தான் பார்க்கும்.

"இஞ்சேருங்கோ, உதைக் கொண்டுபோய்க் கடலிலை விடுங்கோ. மனிசர் மாதிரிப் பாக்குது" என்று மனைவி சொல்லாத நாளில்லை. நான் சிரிப்பேன்.

அன்று தட்டும் சத்தம் இல்லை. 'கொர், கொர்' என்று ஓர் உறுமல் மட்டும். போய்ப் பார்த்தேன். கிளாத்தி கல் பொந்துக்குள் புகுந்து, முதுகு முள்ளை நிமிர்த்தி இறுக்கிக்கொண்டு நடுங்கியது. அந்த முள் நிமிர்ந்தால் எவ்வளவு இழுத்தாலும் மீன் வராது. பின்னாலுள்ள சின்ன முள்ளை விரலால் அமத்தினால் பெரியது தானாக மடியும். எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த வேலை.

ஏதோ நோய் வருத்தமாக்கும் என்று நினைத்து, வெறுங்காலோடு நின்றபடி கையை நீட்டினேன். விரல் தண்ணீரைத் தொடப்போன நேரம் மேலே விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. அதைத் திட்டிக்கொண்டே கையை முழங்கை வரை விட்டு, சின்ன முள்ளை அமத்தி, மீனைப் பொந்துக்கு வெளியே எடுத்துத் தண்ணீரிலேயே விட்டேன். கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே விசிறி திரும்பச் சுழன்றது.

தொட்டிக்குள் மோட்டரின் மெல்லிய இரைச்சல். கிளாத்தி ஒருமுறை துள்ளியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அப்போதுதான் கண்டேன். தண்ணீருக்குள் கிடந்த மோட்டர் வயரை அது கடித்துக் குதறியிருந்தது, செம்பு மினுங்கியது. அதற்குப் பக்கத்திலேயேதான் நான் மீனை விட்டிருந்தேன். பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னப்பா, கரண்ட் வந்திட்டுதோ?" குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள்.

பிடுங்கின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே "ஓம்" என்றேன்.

துள்ளும்போது திரும்ப நிமிர்ந்த அதன் முள் செத்த பிறகும் அப்படியே நின்றது. அமத்திப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.

இப்போது கரண்ட் போனால் நான் திட்டுவதில்லை. ஆனால் பயந்து ஒளித்திருந்த ஓர் உயிரை, தொழில் தெரியும் என்ற திமிரில் வெளியே எடுத்துவிட்ட இந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஒற்றைக் கண் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.